பெற்றோரோடு பூங்காவுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்குவதால், நடக்கச் சிரமப்படும் பெற்றோரை வெளியே அழைத்துச் செல்வது பற்றி ஐந்து கடிதங்கள் வந்துள்ளன. என் தாயாரைப் பல ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வைத்து நம் சிங்கப்பூரின் பூங்காக்களுக்கெல்லாம் தள்ளிச் சென்றவள் நான். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஐந்து கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 78. ஈராண்டுக்கு முன் லேசான பக்கவாதம் வந்து தேறிவிட்டார்; இடது கால் மட்டும் சற்றே இழுத்துக்கொள்ளும். கைத்தடியுடன் வீட்டுக்குள்ளும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயும் நடப்பார். அம்மாவுக்கு 73, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். 12 வயதும் 8 வயதுமான என் பிள்ளைகள், செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குத் தாத்தாவும் பாட்டியும் வந்தே தீரவேண்டும் என்கிறார்கள். "அந்த வெயிலில் அவர்களை இழுத்துக்கொண்டு போவது பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார் என் கணவர். சக்கர நாற்காலி என்ற பேச்சை எடுத்தாலே அப்பாவின் முகம் மாறிவிடுகிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் பிறந்து, ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றியவர் அவர். நான் என்ன செய்வது?
(ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் கணவர் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் "பாவம்" என்று நாமே தீர்மானித்துவிடும் வீடுகளில், வர விருப்பமா என்று பெரியவர்களிடம் கேட்கும் வழக்கம் மெல்ல நின்றுபோகிறது. கேளுங்கள். "யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வருகிறீர்களா?" என்று மொட்டையாகக் கேட்டால், "நாங்கள் எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்" என்றுதான் பதில் வரும், அது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பதில். அங்கே எதை உட்கார்ந்தபடி பார்க்கலாம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும், எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, இதில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக இருக்கும்.

உங்கள் அப்பாவின் தலைமுறைக்குக் கேளிக்கைப் பூங்கா ஒன்றும் புதிதல்ல. 1923இல் திறக்கப்பட்ட நியூ வோர்ல்ட், சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருந்தது. இன்று சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கும் இடம் அது. அதன் பழைய நுழைவாயிலை இன்றும் அங்கே காணலாம். கேலாங் பக்கம் கே வோர்ல்ட், கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்ட் என்று இன்னும் இரண்டு இருந்தன. விளக்குகளும் ராட்டினமும் குத்துச்சண்டையும் திரைப்படமும் ஒரே வளாகத்தில் இருந்த அந்த நாள்களைப் பற்றி அப்பாவைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். தான் அறிந்த ஓர் உலகத்தின் இன்றைய வடிவத்தைப் பார்க்கப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டால், துணைக்கு வருபவர் என்ற நிலை மாறி, பிள்ளைகளுக்கு வழி சொல்பவராகவே வருவார்.

சக்கர நாற்காலியைப் பற்றி அவரிடம் பேசும்போது, உடல்நிலையைப் பற்றிப் பேசாமல் தூரத்தைப் பற்றிப் பேசுங்கள். பக்கவாதத்திலிருந்து தேறி, தம் காலில் மீண்டும் எழுந்து நின்றவர் அவர். அந்த உழைப்பையெல்லாம் அந்த நாற்காலி இல்லையென்று ஆக்கிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கலாம். "நீங்கள் நடக்கக்கூடிய இடத்தில் நடங்கள், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் நீண்ட தூரத்துக்கு மட்டும் இது" என்று சொல்லி, எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்ற முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். புளோக்கின் கீழே நடப்பதற்கும், கூட்டத்துக்கு நடுவே நாள் முழுவதும் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிவார். வலுவை வரிசையில் நின்று செலவழித்துவிட்டால், பார்க்க வந்ததைப் பார்க்கும்போது கண் மூடிக்கொண்டு வரும். இதை ஒரு முறை நேரில் உணர்ந்த பிறகு என் தாயாரே நாற்காலியைக் கேட்கத் தொடங்கினார்.

பூங்கா நுழைவாயிலில் கட்டணம் செலுத்திச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் முடிந்தால் சொந்த நாற்காலியைக் கொண்டுபோங்கள் என்பதே என் கருத்து, ஏனெனில் ரயில் நிலையத்திலிருந்து பூங்கா வாசல் வரையுள்ள தூரமும் தூரம்தான். கால் பலகையின் உயரமும் அவருக்குப் பழகியதாக இருக்கும். பின்சக்கரம் பெரியதாக உள்ள நாற்காலியே வெளியிடங்களுக்கு ஏற்றது. சிறு சக்கரம் கொண்டது டாக்சியின் பின்புறத்தில் எளிதாக அடங்கும், ஆனால் சாக்கடைக் கம்பி மூடிகளிலும் கல் பாவிய தரையிலும் திணறும். 60 வயதைக் கடந்தவர்கள் இத்தகைய சாதனங்கள் வாங்குவதற்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாக அரசாங்க உதவி நிதி உண்டு; குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். அதற்குச் சிகிச்சையாளர் ஒருவரின் மதிப்பீடு தேவைப்படுவதால், விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஓடாமல் இப்போதே பலதுறை மருந்தகத்திலோ அப்பா செல்லும் மருத்துவமனையிலோ கேளுங்கள்.

தள்ளுவதற்கும் பழக்கம் வேண்டும். புளோக்கின் கீழே ஒரு மாலை நேரம் ஒத்திகை பாருங்கள். அவர் எழும் முன்பும் உட்காரும் முன்பும் இரண்டு பக்கச் சக்கரத் தடைகளையும் (பிரேக்) போட வேண்டும். கால் பலகையின் மேல் மிதித்து எழக் கூடாது, நாற்காலி முன்னோக்கிக் கவிழும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் முன்னே இறங்க, அது உங்களைப் பின்தொடர்ந்து இறங்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்கு வலப்பக்கம் பலமானது என்பதால், அவர் மாறி உட்காரப் போகும் இருக்கை எப்போதும் அவருடைய வலப்புறம் இருக்கும்படி நாற்காலியை நிறுத்துங்கள்.

இன்னொன்றை மன வருத்தத்தோடு சொல்கிறேன். ஒரு முறை நாங்கள் வாங்கிய பொருள்களையும் தண்ணீர்ப் போத்தல்களையும் நாற்காலியின் பின்கைப்பிடியில் மாட்டி வைத்திருந்தோம். என் தாயார் எழுந்த நொடியில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. கைப்பிடியைப் பற்றியபடி எழுந்துகொண்டிருந்த அவரும் அதனோடு சரிந்தார். என் மகன் தாங்கிப் பிடித்ததால் எலும்பு முறிவு இல்லாமல் தப்பினார். கனமான எதையும் பின்னால் மாட்டாதீர்கள்; பையை நீங்கள் தோளில் சுமந்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வேறு வகை உதவி வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களுக்குச் சமதளத்தைவிடப் படிகளும் சரிவுகளும்தான் அதிக வலி தரும், அதிலும் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். உட்காரும் பலகையுடன் கூடிய நான்கு சக்கர நடைத்துணை ஒன்று அவருக்குப் பொருந்தலாம். களைத்தால் அதன் தடையைப் போட்டுவிட்டு அதிலேயே உட்காரலாம். ஆனால் அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அதைத் தள்ளக் கூடாது. அது அதற்காகச் செய்யப்பட்டதன்று. கைத்தடி போதும் என்றால், அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொல்லுங்கள். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, ஏன் உதவவில்லை என்று நொந்துகொள்கிறார்கள்.

இனிப் பூங்காவுக்கு வருவோம். பூங்கா 2010இல் திறந்தது. நடுவிலுள்ள நீர்நிலையைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கிறது. நுழைந்ததும் வரும் ஹாலிவுட் தெருவின் மேல் பெரிய கூரை இருப்பதால் அங்கே வெயிலும் மழையும் அதிகம் தாக்குவதில்லை. முழு வளையத்தையும் சுற்ற வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அரை வளையத்தை நிதானமாகப் பாருங்கள். வாட்டர்வோர்ல்ட் சாகசக் காட்சி எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடியது. முன்வரிசைகளில் தண்ணீர் வாரியடிக்கும் என்பதால், தொடங்குவதற்குச் சற்று முன்பே போய், சக்கர நாற்காலிக்கான இடத்தைப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் துடிக்கும் ரோலர் கோஸ்டர் போன்றவை இதய நோய், முதுகுவலி, அண்மைய அறுவை சிகிச்சை உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று அந்தந்த வாசலிலேயே எழுதியிருப்பார்கள். செசமி ஸ்திரீட் பாத்திரங்களோடு உள்ளரங்கில் மெதுவாகப் போகும் சவாரி போன்றவற்றில் அப்பா ஏற விரும்பினால், நாற்காலியிலிருந்து தாமாக மாறி உட்கார முடியுமா என்பதே கேள்வி. பணியாளர்கள் பொதுவாக யாரையும் தூக்கி உட்கார வைப்பதில்லை. அப்பாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பூங்காவுக்குள் நுழைந்தவுடன் விருந்தினர் சேவை முகப்புக்குப் போய் அவருடைய நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தச் சவாரிக்குப் படிகள் உண்டு, எங்கே மாற்றுவழி உண்டு என்பதை அன்றன்றைய நிலைக்கேற்ப அவர்கள் சொல்வார்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். வார நாளாக இருக்கட்டும், கதவு திறக்கும் நேரத்திலேயே அங்கே இருங்கள், மதிய உணவு முடிந்ததும் திரும்பிவிடுங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் வெளியிலுள்ள சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது கூரைக்குக் கீழே எல்லாரும் நெருக்கியடித்து நிற்பார்கள். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த வெள்ளி வீணாகிறதே என்று இன்னும் இரண்டு மணி நேரம் தங்கினால், அந்த நேரத்தில் முன்பு கிடைத்த மகிழ்ச்சி முழுவதும் கரைந்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் வேண்டுமென்றால் உங்கள் கணவர் அவர்களோடு இருக்கட்டும், நீங்கள் பெற்றோருடன் திரும்புங்கள். இதை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே பேசி முடித்துவிட்டால் அங்கே யாருக்கும் மனக்கசப்பு வராது.

ஈசூனிலிருந்து ரயிலில் வருவதானால் தோபி காட்டில் மாறி ஹார்பர்ஃபிரண்ட், அங்கிருந்து மின்தூக்கியில் விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளம், பிறகு தீவுக்குச் செல்லும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். எல்லா இடத்திலும் படியில்லாத வழி உண்டு, ஆனால் தோபி காட்டில் மாறும் நடை நீளமானது. போகும்போது டாக்சி, வரும்போது எல்லாருடைய தெம்பையும் பார்த்து முடிவு என்பதே நான் கடைப்பிடித்த வழி.

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். இரைச்சலும் கூட்டமும் பிடிக்காது, விலங்குகள் என்றால் உயிர். என் சிறு வயதில் அவர்தான் என்னை விலங்கியல் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று ஆ மெங் என்ற ஒராங்ஊத்தானைக் காட்டினார். அந்தத் தோட்டம் இருக்கும் மண்டாய்க்கு அழைத்துச் செல்லலாமா, அல்லது குளிரூட்டப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களே பாதுகாப்பானதா?
(தெம்பனிஸ் வாசகர்)

பதில்: கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மண்டாய்க்கு அழைத்துச் செல்லுங்கள். வசதியை மட்டும் பார்த்தால் கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் குவிமாடங்கள்தான் சிறந்தவை. மலர்க் குவிமாடத்தில் வெப்பநிலை 23 முதல் 25 பாகை, பாதைகள் சீரானவை, மின்தூக்கிகள் உண்டு. மெல்லிய போர்வை ஒன்று மட்டும் கொண்டுபோனால் போதும். மீன்கள் பிடிக்குமென்றால் 2025 ஜூலையில் செந்தோசாவில் திறக்கப்பட்ட ஓஷனேரியம் என்ற மீன்காட்சியகமும் முழுக்க உள்ளரங்குதான். ஆனால் உங்களைக் கைப்பிடித்து ஆ மெங்கைக் காட்டியவருக்கு, அதே இடத்தை நீங்கள் காட்டும் ஒரு காலை நேரத்தை எந்தக் குவிமாடமும் ஈடுசெய்யாது. 1973 முதல் அந்தத் தோட்டம் அங்கேயே இருக்கிறது. ஆ மெங் 2008இல் இறந்துவிட்டாலும், ஒராங்ஊத்தான்கள் மரங்களில் தாவுவதை இன்றும் அண்ணாந்து பார்க்கலாம்.

தோட்டம் காலை 8.30க்குத் திறக்கும். அந்த நேரத்தில் வெயிலும் குறைவு, விலங்குகளும் சுறுசுறுப்பாக இருக்கும். தோட்டத்தில் மேடு பள்ளங்கள் உண்டு, ஆகவே நடக்க முடியும் என்று அம்மா சொன்னாலும் சக்கர நாற்காலி உடன் இருக்கட்டும். உள்ளே ஓடும் டிராம் வண்டியில் முதலில் ஒரு சுற்று வாருங்கள். அவர் எதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகிறார் என்று கவனித்து, பிறகு அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் தள்ளிச் செல்லுங்கள். வரைபடத்திலுள்ள அத்தனை விலங்குகளையும் பார்த்தே ஆகவேண்டுமென்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒராங்ஊத்தான்களின் எதிரே ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க அவர் விரும்பினால், அமர்ந்திருங்கள்.

வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொன்னால், பக்கத்திலேயே ஆற்று விலங்குகளுக்கான ரிவர் வொண்டர்ஸ் பூங்கா இருக்கிறது. பாதையின் பெரும்பகுதி நிழலில் போகும், பாண்டாக்கள் இருக்கும் கூடம் குளிரூட்டப்பட்டது. இரவில் விலங்குகளைப் பார்க்கும் நைட் சஃபாரியில் டிராமில் உட்கார்ந்தபடி சுமார் 40 நிமிடம் சுற்றலாம். மாலைக் காற்றும் இதமாக இருக்கும். ஆனால் இருட்டில் பார்வை மங்கும் வயதினருக்கு விலங்குகள் சரியாகத் தெரியாது. ஏறி இறங்கும்போது தடுமாறவும் வாய்ப்புண்டு என்பதால், கண்புரை உள்ள பெரியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. காத்திப் ரயில் நிலையத்திலிருந்து மண்டாய்க்குப் பேருந்து உண்டு. 2020 டிசம்பர் முதல் நம் பொதுப் பேருந்துகள் அனைத்திலும் சக்கர நாற்காலி ஏற முடியும். நடுக்கதவின் அருகே நின்று ஓட்டுநருக்குக் கைகாட்டினால் அவர் இறங்கி வந்து சாய்வுப் பலகையை விரித்துத் தருவார். அவர் நேரம் எடுத்துக்கொள்கிறாரே என்று நீங்கள் சங்கடப்பட்டால் அந்தச் சங்கடம் அம்மாவையும் தொற்றும். மற்ற பயணிகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. வெளியே கிளம்பும் நாளில் கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை; நீர் பிரியும் மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடுகிறார். இதைக் கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், சுவா சூ காங்)

பதில்: கூச்சப்பட வேண்டாம். பல குடும்பங்களில் பெரியவர்கள் வெளியே வர மறுப்பதற்கு உண்மையான காரணமே இதுதான். அதைச் சொல்ல முடியாமல் "கால் வலிக்கிறது" என்கிறார்கள். முதுமையில் தாகம் எடுக்கும் உணர்வே குறைந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தினால், நம் ஊர் வெயிலில் இரத்த அழுத்தம் திடீரென இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. வெளியே போகும் நாளில் அதை எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டால், பெரும்பாலும் பொருத்தமான ஒரு நேரத்தைச் சொல்வார்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே இருந்தவர்களை நான் அறிவேன்.

பூங்காவுக்குள் நுழைந்ததும், சக்கர நாற்காலி நுழையும் கழிவறைகள் எங்கே உள்ளன என்று வரைபடத்தில் முதலில் பாருங்கள்; சவாரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "போக வேண்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் அப்பாவைக் கேட்டால் வேண்டாம் என்பார். "நான் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இயல்பாக அழைத்துப் போங்கள். உறிஞ்சும் உள்ளாடை அணிவது அவருக்கு நிம்மதி தருமென்றால், மகனோ மருமகனோ தனிமையில் அவரிடம் பேசட்டும். மாற்றுத் துணி ஒன்று, பார்த்தவுடன் என்னவென்று தெரியாத பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவதும் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆகாது. உணவகங்களில் 12 மணிக்கு மேல் வரிசை நீளும் என்பதால் 11.15க்கே உட்கார்ந்துவிடுங்கள். சர்க்கரை இறங்கினால் உடனே கொடுக்க இனிப்பு பானமோ குளுக்கோஸ் மாத்திரையோ உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவராக இருந்தால், பயன்பாட்டிலுள்ள பேனாவைப் பொதுவாக 30 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது, நம் நண்பகல் வெப்பமோ அதைத் தாண்டும். வெப்பம் புகாத சிறு பையில் வையுங்கள். ஆனால் பனிக்கட்டி நேரடியாக அதைத் தொட்டு உறைந்துவிட்டால் அந்த மருந்து பயன்படாது.

கேள்வி: நாங்கள் பிள்ளைகளோடு சவாரிகளுக்குப் போகும்போது மாமியாரைப் பணிப்பெண்ணிடம் விட்டுச் செல்வது தவறா?
(செங்காங் வாசகி)

பதில்: தவறன்று, அளவு மீறாதவரை. ஆனால் பணிப்பெண்ணும் அந்த நாளில் ஒரு மனிதர்தான். காலையிலிருந்து மாலைவரை அவர் ஒருவரே தள்ளி, தூக்கி, கழிவறைக்கு அழைத்துச் சென்று, கடைசியில் எதையும் பார்க்காமல் வீடு திரும்புவது நியாயமாகாது. களைத்த கை தள்ளும் நாற்காலி உங்கள் மாமியாருக்கும் பாதுகாப்பில்லை. மணிக்கு ஒரு முறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் கணவர் உட்பட. மகன் தள்ளும்போது அந்தத் தாயின் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை முன்னால் வந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 76, இடுப்பு அறுவை சிகிச்சை ஆனவள். பிள்ளைகள் அன்பாக இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. விடுமுறை நாளில் எங்காவது அழைத்துப் போகிறார்கள். போனதும் என்னை ஓர் இருக்கையில் உட்கார வைத்து, பைகளையெல்லாம் மடியில் வைத்துவிட்டு, "அரை மணியில் வந்துவிடுகிறோம்" என்று போய்விடுகிறார்கள். வர இரண்டு மணி நேரமாகிறது. எழுந்து போகவும் முடியாது, பைகள் இருக்கின்றனவே. அடுத்த முறை வரவில்லை என்று சொன்னால், "உங்களுக்காகத்தானே போகிறோம்" என்று கோபித்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் எப்படிச் சொல்வது?
(தோ பாயோ வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை, ஏனென்றால் நீங்கள் எழுதியதை நானும் என் தாயாருக்குச் செய்திருக்கிறேன். பிள்ளைகளின் குதூகலத்தில் நேரம் போனதே தெரியாமல் நான் திரும்பி வந்தபோது, பைகளின் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, நான் வரும் திசையையே பார்த்துக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். "நேரமாகிவிட்டதா அம்மா?" என்று கேட்டேன். "இல்லையே, இப்போதுதானே போனாய்" என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்ல வேண்டாம், கேட்பதாகச் சொல்லுங்கள். புறப்படும் முன்பு, காலைப் பசியாறும்போது எல்லாரும் இருக்கையில் சொல்வது நல்லது. பூங்காவில் களைத்திருக்கும்போது சொன்னால் அது சண்டையாக மாறும். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பைகளைக் கட்டணம் செலுத்திப் பூட்டி வைக்கும் பெட்டகத்தில் போடச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் சில வெள்ளியை நீங்களே தருவதாகச் சொன்னாலும் பரவாயில்லை. அவர்கள் சவாரிக்குப் போகும்போது மகனோ மகளோ பேரப்பிள்ளையோ ஒருவர் முறைவைத்து உங்களோடு இருக்கட்டும். அந்த நாளில் ஒன்றை, ஒரே ஒன்றை, நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், அதற்கு எல்லாரும் வரவேண்டும். அது ஒரு காட்சியாக இருக்கலாம், நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதாகவும் இருக்கலாம். இடுப்பு அறுவை சிகிச்சை ஆனவர் என்பதால், தாழ்வான இருக்கையில் உங்களை உட்கார வைக்க வேண்டாம் என்றும், நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் எழுவது கடினம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட, அவர்களுக்கு உடனே புரியும் காரணமும்கூட.

உங்கள் கைப்பேசி கையில் இருக்கட்டும். அரை மணி என்று சொன்னவர்கள் வராவிட்டால், கூச்சமில்லாமல் அழையுங்கள். அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்கிறோமோ என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அங்கே காத்திருக்கிறீர்கள் என்ற நினைவு வந்தால் ஓடி வரக்கூடிய பிள்ளைகள்தான் அவர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

இவற்றையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல உங்களால் முடியவில்லை என்றால், இந்தப் பக்கத்தை விரித்து உணவு மேசை மேல் வைத்துவிடுங்கள். உங்கள் பெயரை நான் எங்கும் குறிப்பிடவில்லை.